இடது முன்சக்கரம்

முதலில் கண்ணாடியைப் பார்த்துவிடலாம். வலது கதவின் கண்ணாடி பாதி ஏறி நின்றுவிடுகிறது என்று வசுந்தரா அம்மணி ஒரு மாதத்துக்கு முன்பே எழுதி அனுப்பியிருந்தார். செல்போனில் அது இன்னும் இருக்கிறது. கண்ணாடி, சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் சண்டித்தனம், சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக ஏறி ஏறி இறங்குவது, முன்விளக்கு ஒன்று எழும்பாமல் படுத்துக் கிடப்பது, எல்லாவற்றுக்கும் கீழே தனியாக ‘அப்புறம் அந்தச் சத்தம்’. இரண்டு பேர் மட்டும் உட்காருகிற இந்த மாதிரி வண்டிகளுக்குக் கண்ணாடிக் கோளாறு சளி பிடிப்பது போல, வந்துகொண்டே இருக்கும். கண்ணாடி ஓடுகிற பள்ளத்தில் கிரீஸ் காய்ந்து தார் ஆகிவிடும், மோட்டார் முக்கிப் பார்த்துவிட்டு நின்றுவிடும். கதவின் உள்பலகையைக் கழற்றி, துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்து, புது கிரீஸ் வைத்தால் அரை மணி நேரம். மணி ஒன்பதரை. வண்டி நேற்றுச் சாயங்காலம் லாரியில் வந்து இறங்கியது. நான் வலது பக்கமாகவே வந்து வலது பக்கமாகவே உட்கார்ந்திருக்கிறேன். இடது பக்கம் போகவில்லை. இடது முன்சக்கரம் வண்டிக்கு அடியில் உள்நோக்கி மடிந்து, காலை மடக்கிப் படுத்த மாடு போலக் கிடக்கிறது, நேற்று இறக்கும்போது ஒருமுறை பார்த்தேன், ஒருமுறை போதும் என்று இருந்தது. லாரிக்காரர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆமாங்க என்றேன். அவர் சிரித்தார். அப்படியானால் அது சிரிக்க வேண்டிய விஷயம்தான் போலிருக்கிறது என்று நானும் சிரித்தேன். மடிந்த சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்ன சிரிப்பு.

கண்ணாடி ஏறிவிட்டது. ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினேன். மோட்டார் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளக் கதவின் மேல் உள்ளங்கையை வைத்திருக்கிறேன், முன்பெல்லாம் இப்படிச் செய்ததில்லை. முன்பு நான் ஷெட்டின் வாசலில் நின்றுகொண்டு, தெருமுனையில் வருகிற வண்டியின் மூன்றாவது சிலிண்டர் சரியில்லை என்று சொல்லுவேன். ஒண்டிப்புதூரில் மட்டும் இல்லை, பந்தயத்துக்கு வண்டி ஓட்டுகிற பையன்கள் பீளமேட்டிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வருவார்கள், மீட்டரெல்லாம் எதுக்குங்க, சென்னியண்ணன் காதை வெச்சாப் போதும் என்பார்கள். நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினால் உள்ளே ஒரு ஊரே நடமாடுவது கேட்கும். எப்போது போனது அது. ஒரு நாளில் போகவில்லை, அதுதான் கொடுமை, ஒரு நாளில் போயிருந்தால் அழுதிருக்கலாம், யாரிடமாவது சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷம் முன்பு ஒரு வண்டியில் இண்டிகேட்டர் விளக்கு மினுக்குகிறது, டிக் டிக் சத்தம் வரவில்லை, ரிலே போய்விட்டது என்று புதிது மாற்றினேன். அதிலும் வரவில்லை. இன்னொன்று மாற்றினேன். வண்டிக்காரர் எதுக்கண்ணா மாத்துறீங்க, நல்லாத்தானே அடிச்சுட்டிருக்கு என்றார். அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம், சிரித்துக்கொண்டே, அதுல ஒரு லூஸ் காண்டாக்ட் இருந்துதுங்க என்றது. பொய் எவ்வளவு சுலபமாக வந்தது.

இன்ஜினை எழுப்பிப் பார்க்க வேண்டும். மோதியது இடது மூலை, ரேடியேட்டர் தப்பித்துவிட்டது, தண்ணீர் குறையவில்லை. சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்துக்கொண்டது, நல்ல வண்டி, பாவம், அதற்கு என்ன தெரியும். இன்ஜின் சுற்றைக் காட்டுகிற ஊசி எண்ணூறில் நின்று, ஆயிரத்து முந்நூறுக்கு ஏறி, மறுபடி விழுந்து, மறுபடி ஏறியது. எங்கேயோ திருட்டுக் காற்று போகிறது. காற்று வடிகட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் குழாயின் மடிப்புகளில் வெடிப்பு விழும், மேலே பார்த்தால் தெரியாது, வளைத்துப் பார்த்தால் வாய் திறக்கும். முன்பு என்றால் உஸ்ஸென்ற அந்தச் சத்தத்தை வைத்தே இடத்தைத் தொட்டிருப்பேன். இப்போது எனக்குள் எந்நேரமும் ஒரு உஸ் இருக்கிறது, அது வெளியே இருக்கிற உஸ்ஸை விடப் பெரியது. படுத்தால் அதிகமாகும். என் மனைவி நாகமணி இங்கே இருந்தபோது அவள் மூச்சு அதை மறைத்ததா, அல்லது அப்போது இது இல்லையா, நினைவில்லை. கிளீனர் புட்டியை எடுத்துக் குழாயின் மேல் பீய்ச்சினேன், இரண்டாவது மடிப்பில் பட்டதும் ஊசி ஒரு துள்ளுத் துள்ளியது. இங்கேதான். கண்ணால் கேட்டுக்கொள்கிறேன். கையால் கேட்டுக்கொள்கிறேன். சமாளித்துவிடலாம் என்றுதான் இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். குழாயைக் கழற்றித் தற்காலிகமாக ரப்பர் நாடா சுற்றினேன். ஊசி எண்ணூற்றைம்பதில் நின்றது. யாராவது பக்கத்தில் இருந்தால் பாத்தீங்களா என்று சொல்லியிருப்பேன். ஷெட்டில் நான் ஒருவன்தான்.

சட்டைப் பையில் போன் நடுங்கியது. நாகமணி. நாக்பூரில் மகள் வீட்டில் இருக்கிறாள், பிரசவத்துக்குப் போனவள், எட்டு மாதமாகிவிட்டது. நடுங்கி முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தால் என்ன சொல்லுவாள் என்று தெரியும், எடுத்தால் என்ன சொல்கிறாள் என்று தெரியாது. ஆண்கள் குரல், அடித்தொண்டைக் குரல், இன்னும் ஒரு மாதிரி பிடிபடுகிறது. நாகமணி குரல் போனில் வந்தால் தகரத்தில் மணல் கொட்டுகிற மாதிரி இருக்கிறது. குழந்தை பிறந்த ஏழாம் நாள் எதையோ கேட்டாள், சரி சரி என்றேன். மறுபடி கேட்டாள், சரி சரி என்றேன். போனை வைத்துவிட்டாள். பிறகு மகள் எழுதி அனுப்பினாள். அம்மா கேட்டது, உங்க அப்பா பேரை வைக்கலாமா, இல்லை இவங்க வீட்டுப் பேரா, நீங்க என்ன சொல்றீங்க என்று. அதற்குத்தான் நான் இரண்டு தடவையும் சரி சரி என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் வீட்டுப் பேரையே வைத்துவிட்டார்கள். உங்கப்பாவுக்கு எதுலயுமே அக்கறை இல்லையாம்மா, என்று என் மனைவி என் மகளிடம் சொல்லியிருப்பாள். எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னால் ஒரு நிமிஷ வேலை. சொன்னால் உடனே ரயில் ஏறி வந்துவிடுவாள், அதுவும் தெரியும். வந்து, ஷெட்டைப் பூட்டச் சொல்லுவாள். காது கேட்காத மெக்கானிக் என்றால் அப்புறம் எதற்கு மெக்கானிக். டீக்கடைக்குப் போவதையும் விட்டுவிட்டேன், நான்கு பேர் சேர்ந்து பேசினால் எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நான் சிரிப்பேன், ஒருநாள் பக்கத்து லேத்துக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், சாவு வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

முன்விளக்கைப் பார்க்கலாம். இந்த வண்டியில் விளக்குகள் மூடியிலிருந்து மேலே எழும்பும், தூங்கி விழித்த தவளை போல. வலது விளக்கு எழும்பவில்லை. இடது விளக்கு எப்படியிருக்கிறது என்பது வேறு விஷயம், அது இருக்கிற இடத்தில் இப்போது மோதிய சுவரின் சுண்ணாம்பு இருக்கிறது. வலது விளக்கின் மோட்டாருக்குக் கீழே ஒரு திருகு உண்டு, கையால் சுற்றினால் விளக்கு மெதுவாக மேலே வரும், அப்படி வந்தால் பல்சக்கரம் நன்றாக இருக்கிறது, கரன்ட்தான் வரவில்லை. சுற்றினேன், வந்தது. பிளக்கைக் கழற்றினேன், பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது, சுரண்டினேன். மறுபடி போன் நடுங்கியது. தெரியாத எண். எடுத்தேன். கனத்த குரல், நல்லவேளை. இன்சூரன்ஸ் சர்வேயர். மதியம் ரெண்டு மணிக்கு வர்றேங்க, வண்டியத் தொடாம வெச்சிருங்க என்றார். சரிங்க என்றேன். கழற்றிய பிளக் கையில் இருந்தது. முன்னாடி லெஃப்ட்ல சுவத்துல இடிச்சு அண்டர்பாடி ஒடைஞ்சிருக்கு, அப்படித்தானே, மெக்கானிக் ரிப்போர்ட்னு நீங்க ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க, ஒரே நாள்ல முடிச்சுரலாம் என்றார். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. இதெல்லாம் மட்டும் எப்படித்தான் கேட்கிறதோ. நான் இன்னும் பாக்கலீங்க என்றேன். பாக்க என்னங்க இருக்கு, என்று சிரித்துவிட்டு வைத்தார்.

பார்க்க என்ன இருக்கிறது. ஒரு மாதம் முன்பு, ஒரு சனிக்கிழமை, அம்மணி வண்டியை இங்கே கொண்டுவந்தார். அவர் அப்பா வாங்கி வைத்துவிட்டுப் போன வண்டி, இரும்பு வார்க்கிற அவர்கள் பவுண்டரியில் ஐம்பது பேர் வேலை செய்கிறார்கள், ஆறு நாளும் அதில் கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக மலைக்கு ஓட்டிக்கொண்டு போவார், அவருக்கு அது ஒன்றுதான். சென்னியண்ணா, மெதுவாத் திரும்பும்போது முன்னால ஒரு சத்தம் வருதுங்க, டிக்னு, சின்னதா, வாங்க, ஒரு ரவுண்டு போலாம் என்றார். அவர் ஓட்டினார். நான் இடது சீட்டில் உட்கார்ந்தேன். என் காலுக்கு நேர் கீழே அந்தச் சக்கரம். சிங்காநல்லூர் குளம்வரை போய்த் திரும்பினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் என்னைப் பார்த்தார். இப்ப, இப்பக் கேட்டுச்சா, என்று கேட்டார், அவர் வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நான் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, கேட்கிறவன் போல உட்கார்ந்திருந்தேன். காற்று. என் உஸ். வேறு ஒன்றும் இல்லை. கேட்கவில்லை என்பது ஒன்று, இல்லை என்பது வேறொன்று, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாதா. ஒண்ணுமில்லீங்க அம்மணி, ஓப்பன் வண்டியில்லீங்களா, காத்துல ஆயிரம் சத்தம் வரும், உங்களுக்குத் தோணுது என்றேன். தோணுது என்றேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. டிக்கியில் ஜாக்கிக் கைப்பிடி தளர்வாகக் கிடந்தது, அதற்கு ஒரு பழைய துணியைச் சுற்றி வைத்துவிட்டு, இதாத்தான் இருக்கும், இனி வராது, மத்ததையெல்லாம் அடுத்த தடவை பாத்துக்கலாம் என்று அனுப்பிவிட்டேன். ஜாக்கி போட்டுத் தூக்கியிருந்தால், சக்கரத்துக்கு அடியில் லிவரைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பியிருந்தால், ஐந்து நிமிஷம். தூக்கவில்லை. சென்னியப்பன் காதால் பார்க்கிறவன், லிவர் போட்டுத் தேடுகிறவன் இல்லை என்கிற பெயர் இருக்கிறதே. இன்னும் ஒன்று. திரும்பி வரும்போது, ரயில்வே கேட் பக்கம் மெதுவாக வளைத்தபோது, என் பாதத்தில் ஏதோ தட்டிய மாதிரி இருந்தது, செருப்புக்கு அடியில், ஒரு எறும்பு கடித்து விட்ட மாதிரி. இருந்ததா. அல்லது விபத்து நடந்த இந்தப் பதினோரு நாளில் நானே இருந்ததாகச் செய்துகொண்டேனா. ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் தட்டு கொஞ்சம் பலமாகிக்கொண்டே போகிறது. இன்றைக்குக் காலையில் நினைத்தபோது காலையே தூக்கிப் போட்டது.

வலது விளக்கு எழும்பிவிட்டது. இனிச் சரி செய்ய வலது பக்கத்தில் ஒன்றும் இல்லை. சூடானால் ஸ்டார்ட் ஆகாததைப் பார்க்கலாம், அதற்கு இன்ஜினைச் சூடாக்க வேண்டும், சூடாக்கினேன், நிறுத்தி, பத்து நிமிஷம் விட்டு மறுபடி சாவியைத் திருப்பினேன், பிடித்துக்கொண்டது, அதற்கும் ஒன்றும் இல்லை. சண்டித்தனம் செய்யக்கூட மனமில்லாமல் இருந்தது வண்டி. மணி பதினொன்றே கால். ஜாக்கியை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தேன்.

மட்காடு மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. வண்டியை உயர்த்தி, கட்டைகளைக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, சாக்கை விரித்து மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தேன். சக்கரத்தையும் அதைக் கீழிருந்து பிடித்திருக்கும் இரும்புக் கையையும் ஒரு மூட்டு சேர்க்கிறது, பால் ஜாயிண்ட், நம் இடுப்பு மாதிரிதான், ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. குண்டு கிண்ணத்தை விட்டு வெளியே வந்திருந்தது. அவ்வளவுதான். சுவரில் மோதிப் பிய்ந்திருந்தால் இரும்பு வெள்ளையாகப் பளபளக்கும், ஓரம் கிழிந்து முள் முள்ளாக நிற்கும். டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன். வெள்ளையாக எதுவும் இல்லை. கிண்ணத்தின் வாய் தேய்ந்து அகன்று வழவழவென்று இருந்தது, உள்ளே காவி நிறத்தில் துரு, கிரீஸ் ஒரு பொட்டு இல்லை. மேலே மூடியிருக்கிற ரப்பர் உறை பழைய கிழிசல், கிழிசலின் உதடுகளில் மண் படிந்து மழை நனைத்துக் காய்ந்து இறுகியிருந்தது. ஒரு மாதத்துக் கதை இல்லை இது, ஐந்தாறு மாதத்துக் கதை. அந்தச் சனிக்கிழமை இது இப்படித்தான் இருந்திருக்கிறது. என் காலுக்குக் கீழே. மலையில் பதினேழாவது கொண்டை ஊசி வளைவில் அவர் மெதுவாக வளைத்திருப்பார், வளைக்கும்போதுதான் இது கழலும், சக்கரம் படுத்துக்கொள்ளும், வண்டி அது போகிற பக்கம் போகும். இந்த வளைவில் கைப்பிடிச் சுவர் இருந்தது. அடுத்த வளைவில் சுவர் கிடையாது, எனக்குத் தெரியும், நான் அந்தச் சாலையில் எத்தனை தடவை போயிருக்கிறேன், வெறும் வெள்ளைக்கல்தான், கல்லுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, ஆழியாறு அணை எங்கேயோ கீழே ஒரு தட்டு மாதிரி கிடக்கும். நான் படுத்தே இருந்தேன். வண்டியின் அடிவயிறு மூக்குக்கு மேலே இருந்தது, சூடு இறங்கிக்கொண்டிருந்தது, எண்ணெய் வாசனை, எனக்கு மிகவும் பழக்கமான இடம், உலகத்திலேயே எனக்குப் பயமில்லாத இடம், அங்கே படுத்துக்கொண்டு எனக்குப் பல் கிட்டித்துக்கொண்டது. ஒரு வரி எழுதினால் போதும் என்றார் சர்வேயர். பாதிப் பேர் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது இதை. ஒரு உப்புத்தாள் எடுத்து நான்கு தேய் தேய்த்தால் காவி போய் வெள்ளை வந்துவிடும். அம்மணிக்கும் நல்லதுதான், பராமரிப்புக் கோளாறு என்று எழுதினால் கிளெய்ம் கிடைக்காது, இழுத்தடிப்பார்கள். எல்லோருக்கும் நல்லது. யாருக்குக் கெட்டது. நாகமணிக்குத் தெரியாது, அம்மணிக்குத் தெரியாது. காது மருத்துவரிடம் ஒருமுறை யாருக்கும் தெரியாமல் போனேன், ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்க என்றார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் பொத்தானை அழுத்துகிற விரலைப் பார்த்துப் பார்த்துக் கையைத் தூக்கினேன். பரவாயில்லைங்க, வயசுக்கு நல்லாவே இருக்கு என்றார்கள். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. என்ன மனுஷன் நான்.

கட்டைக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. பெண் கால்கள், ஒரு செருப்பின் வாரில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. எப்போது வந்தார், எவ்வளவு நேரம் கூப்பிட்டார், தெரியாது. வெளியே நகர்ந்து எழுந்தேன். வசுந்தரா அம்மணி. இடது கை மாவுக்கட்டுடன் கழுத்திலிருந்து தொங்கியது. நெற்றியில் தையல் பிரித்த தழும்பு. ஆட்டோவில் வந்திருக்கிறார், ஆட்டோ திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

“வீட்ல இருக்க முடியலீங்கண்ணா, அதான் சர்வேயர் வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டேன்” என்றார். நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னதால் புரிந்தது. “பாத்தீங்களா?”

“பாத்தேனுங்க.”

“என்னங்க?”

உப்புத்தாள் டப்பா அலமாரியில்தான் இருந்தது. அந்தக் கணத்தில்கூட அதைத்தான் பார்த்தேன். பிறகு அந்தக் கிண்ணத்தையும் குண்டையும் அவருக்குக் காட்டினேன். துருவைக் காட்டினேன், ரப்பர் கிழிசலைக் காட்டினேன். “சுவத்துல மோதி இது ஒடையலீங்க. இது கழண்டதால சுவத்துல மோதுச்சு. அன்னிக்கு நீங்க சொன்ன சத்தம் இதுதான்.”

அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நிமிரவில்லை. நான் பேசுவதை நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்தது. “எனக்குக் காது கேக்கறதில்லீங்க அம்மணி. ரெண்டு வருஷமாச்சு. சின்னச் சத்தமெல்லாம் போயிருச்சு. அன்னிக்கு வண்டியில எனக்கு ஒண்ணும் கேக்கலை. கேக்கலைன்னு சொல்றதுக்குப் பதிலா, ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டேன்.”

இதைச் சொன்னால் ஏதாவது நடக்கும் என்று இரண்டு வருஷமாகப் பயந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் ஒரு லாரி போனது, தரை அதிர்ந்தது. அம்மணி நிமிர்ந்தார். கோபம் வரும்போது அவர் அப்பாவுக்கு வருகிற மாதிரியே மூக்கு நுனி வெளுத்திருந்தது.

“அன்னிக்கே அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற யார்கிட்டயாவது காட்டியிருப்பேனில்லீங்களா?”

“ஆமாங்க.”

“உங்களுக்குத் தோணுதுன்னு சொன்னீங்க.”

“ஆமாங்க.”

“நான் செத்திருப்பேண்ணா.”

அவர் திரும்பி வாசல்வரை நடந்து, வெளியே வெயிலில் போய் நின்றார். முதுகு தெரிந்தது. போய்விடுவார், இன்னொரு ஆட்டோ பிடித்துப் போய்விடுவார், நாளைக்கு லாரி வந்து வண்டியை வேறு எங்காவது எடுத்துப் போகும், சனிக்கிழமைக்குள் கோயமுத்தூர் முழுக்கத் தெரிந்துவிடும், அதுதான் நியாயம் என்று நினைத்துக்கொண்டு ஸ்பேனர்களைத் துடைத்தேன். துடைத்தவற்றையே மறுபடி துடைத்தேன். வெகு நேரம் ஆனது போல இருந்தது, கடிகாரத்தில் ஆறு நிமிஷம். திரும்பி வந்தார். டிரம்மின் மேல் உட்கார்ந்தார், என் முகம் பார்த்து, கொஞ்சம் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். இவ்வளவு நாளில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை, பேசச் சொல்லி நான் கேட்டதும் இல்லை.

“வேகமா வந்து திருப்பினேன்னு போலீஸ்ல எழுதியிருக்காங்க. எங்கண்ணன் அதையேதான் சொல்றான். பொம்பளைக்கு எதுக்கு இந்த வண்டின்னு சொல்றான். நான் ரெண்டாவது கியர்ல போயிட்டிருந்தேண்ணா. பதினோரு நாளா எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகமாப் போச்சு. வேகமாத்தான் வந்தேனோன்னு. சத்தமே வரலியோ, எனக்குத்தான் மண்டையில ஏதாச்சுமோன்னு.”

“நீங்க மெதுவாத்தான் போயிருக்கீங்க. இது மெதுவாத் திரும்பும்போது கழல்றதுதான்.”

“அதை எழுதித் தருவீங்களா?”

“எழுதினா கிளெய்ம் கெடைக்காதுங்க. பராமரிப்புச் சரியில்லைன்னு சர்வேயர் தள்ளிருவாரு. என்ற பேரும் கெட்டு...”

“தள்ளட்டும்” என்றார். “எழுதுங்க.”

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். பால் ஜாயிண்ட் தேய்ந்திருந்தது என்று, விபத்துக்கு முன்பே தேய்ந்திருந்தது என்று, ஒரு மாதம் முன்பு வண்டி என்னிடம் வந்தபோது ஓட்டுநர் சத்தத்தைச் சொல்லியும் நான் சோதிக்கவில்லை என்று. எழுத்து கோணிக்கொண்டு போனது. கையெழுத்துப் போட்டு, கிழித்து நீட்டினேன். இடது கை கட்டில் இருந்ததால் அதை மடிக்கச் சிரமப்பட்டார், நான் வாங்கி மடித்துக் கொடுத்தேன். கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து, வண்டியின் முன்பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ சொன்னார். தோள் அசைந்தது, பேச்சு அந்தப் பக்கமே போய்விட்டது. என் நாக்கு நுனிக்கு ‘ஆமாங்க’ வந்துவிட்டது, பழக்கம்.

“கேக்கலீங்க அம்மணி. இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க.”

திரும்பினார். “அந்தப் பக்கத்துச் சக்கரத்தைப் பாத்தீங்களான்னு கேட்டேன்.”

பார்க்கவில்லை. காலையிலிருந்து அந்தப் பக்கமேதான் உட்கார்ந்திருந்தேன், கண்ணாடியைப் பார்த்தேன், விளக்கைப் பார்த்தேன், ஒரு முழத்தில் இருந்த சக்கரத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பக்கத்து மூட்டும் ஒரே நாளில் கம்பெனியில் மாட்டியவை, ஒரே ரோட்டில் ஓடியவை. ஜாக்கியை உருட்டிக்கொண்டு போய் வலது பக்கத்தைத் தூக்கினேன். நீள லிவரை எடுத்துச் சக்கரத்துக்கும் இரும்புக் கைக்கும் நடுவில் கொடுத்தேன். அம்மணி நல்ல கையைத் தரையில் ஊன்றி, சிரமப்பட்டு மண்டியிட்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்தார். சாய்க்க வேண்டாங்க, தூசு என்றேன். கையைக் காட்டினார், நெம்புங்க என்று.

நெம்பினேன். லிவர் வழியாக உள்ளங்கைக்கு ஒரு சின்ன அசைவு வந்தது, நூலளவுதான், இரும்பு இரும்பைத் தொட்டு விலகுகிற அசைவு. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்கள் பெரிதாகி, அப்படியே நின்றன. வாய் திறந்து மூடியது. பிறகு முகம் முழுக்கக் கலங்கி, கன்னத்தில் வழிந்ததை அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

“இதேதாண்ணா” என்றார். “இதே சத்தந்தான்.”

இன்னொரு தடவை என்று ஒரு விரலைக் காட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி நெம்பினேன்.